தீர்மானம் போடலாம், ஓட்டுப் போட முடியாது: ஜெர்மனியின் ‘யூசோஸ்’ இளைஞர்கள் தங்கள் கட்சியை அசைத்த கதை

ஜெர்மனியின் சமூக ஜனநாயகக் கட்சியான எஸ்.பி.டி.யில் 14 வயதிலேயே சேரலாம். சேர்ந்த நிமிடத்திலிருந்து 35 வயது முடியும்வரை அந்த உறுப்பினர் கட்சியின் இளைஞர் அமைப்பான யூசோஸிலும் தானாகவே உறுப்பினர். தனிப் படிவம் இல்லை, தனிச் சந்தா இல்லை. அதனால் உறுப்பினர் கணக்கு எப்போதும் பெரிதாகத் தெரியும். கூட்டத்துக்கு வந்து உட்காருகிறவர்கள் அதில் சிறு பகுதிதான்.

கட்சிச் சட்டப்படி யூசோஸ் தனிச் சங்கமே அல்ல. தொழிலாளர் பிரிவு, மகளிர் பிரிவு, முதியோர் பிரிவு போல அதுவும் கட்சிக்குள் இயங்கும் ஒரு பணிக்குழு. நார்வேயிலும் சுவீடனிலும் சமூக ஜனநாயக இளைஞர் அமைப்புகள் தனிப் பதிவு, தனிச் சொத்து, தனி நிர்வாகம் என்று நிற்கின்றன. யூசோஸுக்கு அந்த நிலை இல்லை. கட்சி மாநாட்டுக்குத் தீர்மானம் அனுப்பும் உரிமை அதற்கு உண்டு, ஓட்டுப் போடும் உரிமை இல்லை. ஓட்டு, மாவட்டங்களும் மாநிலங்களும் தேர்ந்தெடுத்து அனுப்புகிற 600 பிரதிநிதிகளிடமும் கட்சியின் செயற்குழுவிடமும் இருக்கிறது. யூசோஸ்காரர் ஒருவர் அங்கே கை தூக்க வேண்டுமானால், முதலில் தன் ஊர்க் கிளையில் ஜெயித்து, மாவட்டத்தில் ஜெயித்துப் பிரதிநிதியாக வர வேண்டும். இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்பதைப் பிடித்துக்கொண்டால் யூசோஸின் வரலாற்றில் பாதி விளங்கிவிடும்.

தொடக்கம் 1904. அந்த ஆண்டு ஜூன் மாதம் பெர்லினின் குருனேவால்ட் காட்டில் ஒரு பயிற்சித் தொழிலாளிச் சிறுவன் தூக்கில் பிணமாகக் கிடந்தான். பட்டறை முதலாளி அடித்த தழும்புகள் உடம்பெங்கும் இருந்தன. தொழில் சட்டமே முதலாளிக்குத் ‘தந்தைக்குரிய கண்டிப்பு’ உரிமையை எழுதிக் கொடுத்திருந்த காலம் அது. அந்தச் சாவு கிளப்பிய கொதிப்பில் அதே ஆண்டு அக்டோபரில் பெர்லின் பயிற்சித் தொழிலாளர், இளம் தொழிலாளர் சங்கம் உருவானது. பெர்லின் இருந்த பிரஷ்ய மாநிலத்தின் 1850-ஆம் ஆண்டுச் சட்டம் பெண்கள், மாணவர்கள், பயிற்சித் தொழிலாளர்கள் மூவரையும் அரசியல் சங்கங்களில் சேரவிடாமல் தடுத்திருந்தது. அதனால் பெர்லின் சங்கம் ‘நாங்கள் அரசியல் பேசவில்லை’ என்று சொல்லிக்கொண்டே வேலை நேரம், அடி உதை, இரவுப் பள்ளி பற்றியெல்லாம் பேசியது. தெற்கே பாடன் மாநிலத்தில் சட்டம் இவ்வளவு கடுமையில்லை. அங்கே மன்ஹைம் நகரில் வழக்கறிஞர் லுட்விக் ஃபிராங்க் தொடங்கிய இளம் தொழிலாளர் சங்கம் வெளிப்படையாகச் சோஷலிசமும் ராணுவ எதிர்ப்பும் பேசியது. வடக்கும் தெற்கும் வேறு வேறு குரலில் பேசியதற்குக் காரணம் கொள்கை வேறுபாடு அல்ல, சட்ட வேறுபாடுதான்.

1907 ஆகஸ்டில் ஸ்டுட்கார்ட் நகரில் சர்வதேச சோஷலிஸ்ட் மாநாடு நடந்தது. மேடம் காமா இந்தியக் கொடியை விரித்துக் காட்டிய மாநாடு என்று நம் பாடப் புத்தகங்கள் சொல்வது இதைத்தான். அது முடிகிற நாளில், அதே ஊரில், 13 நாடுகளின் இளைஞர் அமைப்புகள் கூடி சோஷலிஸ்ட் இளைஞர் அகிலத்தைத் தொடங்கின. எஸ்.பி.டி.யின் இடதுசாரி வழக்கறிஞர் கார்ல் லீப்னெக்ட் அதன் தலைவரானார். ராணுவ எதிர்ப்புப் பற்றி அவர் எழுதிய சிறு நூலுக்காக அதே ஆண்டில் தேசத் துரோக வழக்குப் போட்டு ஒன்றரை ஆண்டு சிறையில் தள்ளினார்கள்.

அடுத்த ஆண்டே அடி விழுந்தது. 1908-இன் பேரரசுச் சங்கச் சட்டம் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை ஜெர்மனி முழுவதும் அரசியல் சங்கங்களிலிருந்தும் அரசியல் கூட்டங்களிலிருந்தும் விலக்கியது. சங்கங்கள் கலைந்தன. கட்சி மேலிடம் இதை எதிர்த்துக் குரல் கொடுத்தது உண்மை. ஆனால் தொழிற்சங்கத் தலைவர்கள் பலருக்கு உள்ளூர நிம்மதி. தங்கள் பிடிக்கு வெளியே வளர்ந்துகொண்டிருந்த ஓர் இளைஞர் இயக்கத்தை அரசாங்கமே கலைத்துக் கொடுத்துவிட்டது. நியூரம்பர்க் கட்சி மாநாடு புது ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஊர்தோறும் கட்சிக்காரர், தொழிற்சங்கக்காரர், இளைஞர் சேர்ந்த குழு. மேலே பெர்லினில் ஒரு மைய அலுவலகம். அதன் தலைவர் ஃபிரீட்ரிஷ் எபெர்ட், பின்னாளில் குடியரசுத் தலைவரானவர். நூலகம், நடைப்பயணம், வாசிப்பு வட்டம், ‘அர்பைட்டர் யூகெண்ட்’ என்ற பத்திரிகை என்று வேலை நடந்தது. அந்தப் பத்திரிகை 1914-க்குள் சுமார் ஒரு லட்சம் பிரதிகள் போயிற்று. இளைஞர்களுக்குச் செய்ய நிறைய இருந்தது, முடிவெடுக்க ஒன்றுமில்லை.

போர் வந்ததும் அந்த ஏற்பாடு விரிந்துபோனது. 1914 ஆகஸ்ட் 4 அன்று கட்சி போர்க் கடனுக்கு ஓட்டுப் போட்டது. லுட்விக் ஃபிராங்க் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்துகொண்டே தாமாக முன்வந்து போர்முனைக்குப் போய் ஒரு மாதத்துக்குள் உயிரிழந்தார். லீப்னெக்ட் டிசம்பரில் தனி ஒருவராகப் போர்க் கடனை எதிர்த்து ஓட்டுப் போட்டார். பத்தாண்டுக்கு முன் ஒரே வேலையைத் தொடங்கிய இருவர் போன வழிகள் இவை. 1916 ஈஸ்டரில் யேனாவில் ரகசியமாகக் கூடிய எதிர்ப்பு இளைஞர்கள் லீப்னெக்ட் பக்கம் நின்றார்கள். அவர்களில் பலர் பிறகு கம்யூனிஸ்ட் கட்சிக்குப் போனார்கள்.

போருக்குப் பின் வந்த வைமார் குடியரசில் கட்சி இளைஞர்களை வயதுவாரியாகப் பிரித்தது. பதின்வயதினருக்கு எஸ்.ஏ.யே. எனப்பட்ட சோஷலிஸ்ட் தொழிலாளர் இளைஞர் அமைப்பு. அதைத் தாண்டிய வயதினருக்கு ‘யுங்சோஷியலிஸ்டன்’, அதாவது இளம் சோஷலிஸ்டுகள். யூசோஸ் என்ற பெயர் இதன் சுருக்கம். இந்த இரண்டாவது அமைப்பு ஆள்பலத்தில் சிறியது, வாதத்தில் பெரியது. 1923 ஈஸ்டரில் ஹோஃப்கைஸ்மார் என்ற சிற்றூரில் கூடியவர்கள், குடியரசைத் தொழிலாளர் வர்க்கம் தன் நாடாக ஏற்க வேண்டும் என்றார்கள். பிரெஞ்சுப் படை ரூர் பகுதியில் நுழைந்து மூன்று மாதமே ஆகியிருந்த நேரம் அது. இதற்கு எதிராக ஹனோவர் வட்டம் என்ற மார்க்சிய அணி எழுந்து, 1925-இல் யேனா மாநாட்டில் பெரும்பான்மை பெற்றது. மறு ஆண்டு ஹோஃப்கைஸ்மார் அணி வெளியேறியது. அப்போது பேசியதெல்லாம் வெறும் ஏட்டு வாதம் என்று தள்ளிவிட முடியாது. அரசு யாருடையது, அதற்குள் நுழைந்து வேலை செய்வதா வெளியே நின்று மோதுவதா என்ற அதே கேள்வி ஐம்பது ஆண்டு கழித்து அதே அமைப்பைப் பிளந்தது.

1931-இல் கட்சி அந்தக் கேள்வியைக் கேட்டவர்களையே இல்லாமல் செய்தது. அப்போதைய பிரதமர் புரூனிங்கின் அரசை வீழ்த்தினால் நாஜிகள் வருவார்கள் என்பதால் எஸ்.பி.டி. அந்த அரசைச் சகித்துக்கொண்டிருந்தது. மார்ச் மாதம் போர்க்கப்பல் செலவுக்கு எதிராக ஒன்பது நாடாளுமன்ற உறுப்பினர்கள் கட்டுப்பாட்டை மீறி ஓட்டுப் போட்டார்கள். இளம் சோஷலிஸ்டுகள் கட்சியின் இடது எதிர்ப்பணியோடு நின்றார்கள். ஜூனில் லைப்சிக் மாநாடு அவர்களின் அமைப்பையே கலைத்தது. அக்டோபரில், வெளியேற்றப்பட்ட இடதுசாரிகள் எஸ்.ஏ.பி. என்ற புதுக் கட்சி தொடங்கினார்கள். அது தேர்தலில் ஒன்றும் சாதிக்கவில்லை. ஆனால் லூபெக் நகரில் எஸ்.ஏ.யே.யில் இருந்த 17 வயதுப் பையன் ஒருவன் எஸ்.பி.டி.யை விட்டு அதில் போய்ச் சேர்ந்தான். ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் 1933 ஏப்ரலில் நார்வேக்குத் தப்பி, அங்கே தொழிலாளர் கட்சியின் இளைஞர்களோடு வேலை செய்தான். தலைமறைவுக்கு வைத்துக்கொண்ட பெயரையே கடைசிவரை வைத்துக்கொண்டான்: வில்லி பிராண்ட். கலைத்தவர்கள் சில ஆயிரம் பேர் கொண்ட ஒரு சிறு குழுவைக் கலைப்பதாகத்தான் நினைத்தார்கள். பின்னாளில் 23 ஆண்டு கட்சிக்குத் தலைமை தாங்கிய மனிதரை அந்த வேகத்தில் வெளியே அனுப்பினார்கள்.

1946-இல் யூசோஸ் திரும்ப வந்தபோது தொடக்கத்தில் சொன்ன வடிவம் கிடைத்தது. வயது வரம்பு 35. தனி அமைப்பு கிடையாது, பணிக்குழு மட்டும். தனியாக நின்று கட்சியை எதிர்க்கும் அமைப்பு இனி வேண்டாம் என்பதே அதன் உட்பொருள். சிறுவர்களுக்கான ‘ஃபால்கன்’ அமைப்புக்கு மட்டும் தனி நிலை கிடைத்தது. இருபது ஆண்டுக்கும் மேலாக யூசோஸ் அடக்கமாகவே இருந்தது. சுவரொட்டி ஒட்டுவது, தேர்தல் வேலை பார்ப்பது, பதவிக்குக் காத்திருப்பது. மோதல் மாணவர் பக்கம் நடந்தது. கட்சிக்கு நெருக்கமான மாணவர் அமைப்பு எஸ்.டி.எஸ்.; 1947-48-இல் அதன் தலைவர் ஹெல்முட் ஷ்மிட். கட்சி 1959-இல் கோடஸ்பெர்க் திட்டத்தின் மூலம் மார்க்சியத்தை விட்டு விலகியதும் எஸ்.டி.எஸ். முரண்டு பிடித்தது. 1961 நவம்பரில், எஸ்.டி.எஸ்.ஸில் இருப்பவர் கட்சியில் இருக்கக் கூடாது என்று மேலிடம் முடிவெடுத்தது. அதற்கு மாற்றாகக் கட்சி முன்கூட்டியே வளர்த்த எஸ்.எச்.பி. மாணவர் சங்கமும் பத்தாண்டில் இடது பக்கம் போய்விட்டது. 1972-இல் ‘சமூக ஜனநாயக’ என்ற சொல்லைப் பெயரில் வைத்துக்கொள்ளும் உரிமையைப் பறித்தார்கள். விலக்கப்பட்ட எஸ்.டி.எஸ். 1968 மாணவர் எழுச்சியின் முதுகெலும்பானபோது, அதனோடு பேசக் கட்சியிடம் ஓர் ஆள்கூட மிச்சமில்லை.

1969 டிசம்பர் மியூனிக் மாநாட்டில் யூசோஸ் இடது பக்கம் திரும்பியது. கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியோடு நடத்திய மூன்றாண்டு பெருங்கூட்டணி ஆட்சியும் 1968 மே மாத அவசரநிலைச் சட்டங்களும் இளைஞர்களைக் கொதிக்கவைத்திருந்தன. கட்சி மேலிடத்துக்கு வேண்டியவரான பீட்டர் கோர்டெரியர் தலைமையிலிருந்து இறக்கப்பட்டார். 28 வயது கார்ஸ்டன் ஃபோக்ட் வந்தார். இனி நாங்கள் கட்சியின் பயிற்சிக் கூடம் அல்ல, ஒரு சோஷலிஸ்ட் கொள்கை அணி என்று அறிவித்தார்கள். பிரதமர் பதவிக்கு வந்து ஆறு வாரமே ஆகியிருந்த பிராண்ட் பொறுமை காட்டினார். 1931-ஐ அனுபவித்த ஒருவர் தலைமையில் இருந்ததுதான் இந்த முறை அமைப்பு கலைக்கப்படாமல் தப்பியதற்குப் பெரிய காரணம் என்று கருத இடமுண்டு.

1971-இல் யூசோஸ் வகுத்த ‘இரட்டை உத்தி’ இன்றைக்கும் படிக்கத் தக்கது. ஒரு கால் தெருவில்: வாடகை, குழந்தைகள் காப்பகம், டிராம் கட்டணம் என்று மக்கள் தினமும் படும் பாட்டில் ஆட்களைத் திரட்டுவது. இன்னொரு கால் கட்சிக்குள்: கிளைப் பொறுப்புகளையும் பிரதிநிதி இடங்களையும் பிடிப்பது. தெரு தரும் அழுத்தம் கட்சித் தீர்மானமாக மாற வேண்டும், தீர்மானம் திரும்பத் தெருவுக்குப் போக வேண்டும்.

கட்சிக்குள் வைத்த கால் எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ஊர்க் கிளை ஒன்றில் 200 பேர் பெயர் இருந்தால் மாதக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் இருபது பேர் இருப்பார்கள். பேசிவைத்துக்கொண்டு வருகிற பன்னிரண்டு இளைஞர்கள் போதும், கிளைத் தலைவரை மாற்ற. விவாதத்தை இரவு 11 மணி தாண்டி இழுத்தால், காலை ஷிப்டுக்குப் போக வேண்டிய மூத்த தொழிலாளி எழுந்து போய்விடுவார். ஓட்டெடுப்பு அதற்குப் பிறகு. இப்படி ஜெயித்த கிளைகள் மாவட்டப் பிரதிநிதிகளைத் தரும், மாவட்டம் மாநிலத்துக்குத் தரும். தெற்கு ஹெஸ்ஸன் போன்ற பகுதிகள் இந்த வழியில்தான் இடதுசாரிக் கோட்டையாயின. ஆனால் எழுந்து போன தொழிலாளி மறு மாதம் கூட்டத்துக்கே வரவில்லை. யாருக்காகப் பேசுகிறோம் என்று சொன்னார்களோ அவர்களையே இந்த முறை வெளியே தள்ளியது. மியூனிக்கில் கட்சியின் நகரக் கிளையோடு மோதி அலுத்த மேயர் ஹான்ஸ்-யோகென் ஃபோகல் 1972-இல் மறுபடி போட்டியிட மறுத்துவிட்டார்.

தீர்மானம் மேலே போகும் வழியிலும் ஒரு பள்ளம் உண்டு. மாநாட்டுக்கு வரும் நூற்றுக்கணக்கான தீர்மானங்களை முதலில் ஒரு தீர்மானக் குழு படித்துப் பரிந்துரை எழுதும். ஏற்கலாம், நிராகரிக்கலாம், அல்லது ‘நாடாளுமன்றக் குழுவின் பரிசீலனைக்கு அனுப்பலாம்’. நிராகரித்தால் மேடையில் சண்டை வரும், பத்திரிகையில் செய்தி வரும். பரிசீலனைக்கு அனுப்பினால் சத்தமில்லாமல் செத்துப்போகும். அனுபவமுள்ள யூசோஸ் பிரதிநிதி இந்த மூன்றாவது பரிந்துரையைத்தான் முதலில் எதிர்ப்பார்.

இவ்வளவு இருந்தும் எழுபதுகளின் முதல் பாதி இவர்களுடைய காலம்தான். 1970-இல் வாக்குரிமை வயது 21-லிருந்து 18 ஆனது. 1972 தேர்தலில் கட்சி 45.8 சதவீதம் பெற்றது, அதன் வரலாற்றிலேயே அதிகம். 1976-இல் உறுப்பினர் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டியது. 1974-இல் ஹைடமரி விசொரெக்-ட்ஸொய்ல் யூசோஸின் முதல் பெண் தலைவரானார்.

அப்புறம் கோஷ்டிச் சண்டை அமைப்பைத் தின்றது. மூன்று அணிகள். சீர்திருத்தம் மூலமே அமைப்பை மாற்றலாம் என்றது ஒன்று. பெரு நிறுவனங்களும் அரசும் ஒன்றாகப் பின்னிவிட்டன, அந்தக் கூட்டை உடைக்க ஏகபோகத்துக்கு எதிரானவர்கள் எல்லோரும் சேர வேண்டும் என்றது ‘ஸ்டமோகாப்’ (அரசு-ஏகபோக முதலாளித்துவம் என்பதன் ஜெர்மன் சுருக்கம்) அணி. முதலாளித்துவ அரசு யார் கையில் இருந்தாலும் அப்படியே வேலை செய்யும், வெளியே இயக்கம் வளர்வதே வழி என்றது மூன்றாவது. நடைமுறையில் மோதல் ஒரே இடத்தில் வெடித்தது: ‘எல்லோரும்’ என்பதில் கம்யூனிஸ்ட் கட்சி உண்டா? கம்யூனிஸ்டுகளோடு கூட்டு நடவடிக்கை கூடாது என்று 1970 நவம்பரிலேயே கட்சி விதி எழுதிவைத்திருந்தது. 1977 மார்ச்சில் ஸ்டமோகாப் அணியின் கிளவுஸ் ஊவே பென்னெட்டர் தலைவரானார். கம்யூனிஸ்டுகள் முன்னின்று நடத்திய அமைதிக் குழுவோடு சேர்ந்து வேலை செய்யலாம் என்றும், கட்சி உறுப்பினராக இருப்பது தங்களுக்கு வேதவாக்கு அல்ல என்றும் பேட்டி கொடுத்தார். ஹெல்முட் ஷ்மிட் பிரதமராக இருந்த காலம். சில வாரத்தில் பொறுப்புகள் பறிபோயின, அதே ஆண்டு கட்சியிலிருந்து நீக்கம். பணிக்குழு என்ற வடிவத்தின் கூர்மை அன்றுதான் முழுதாகத் தெரிந்தது: கட்சி உறுப்பினர் அட்டையைப் பறித்தால் யூசோஸ் தலைமையும் அதோடு போய்விடும். இளைஞர்கள் தேர்ந்தெடுத்த தலைவரை இளைஞர்கள் ஓட்டில்லாமலே இறக்கலாம்.

1978-இல் அடுத்து வந்தவர் மூன்றாவது அணியைச் சேர்ந்த கெர்ஹார்ட் ஷ்ரோடர். எண்பதுகளில் ஸ்டமோகாப் அணியிலிருந்து வந்து துணைத் தலைவராக இருந்தவர் ஒலாஃப் ஷோல்ஸ். இருவரும் பிரதமரானார்கள். பென்னெட்டர் 1983-இல் கட்சிக்குத் திரும்பி, 2004-இல் பொதுச் செயலாளரே ஆனார். இதைக் காட்டி ‘பதவி வந்ததும் கொள்கை போய்விட்டது’ என்று சொல்வது சுலபம். ஆனால் கிளையைப் பிடிப்பது, பிரதிநிதிகளை எண்ணுவது, எதிரணியோடு ராத்திரி முழுக்கப் பேரம் பேசுவது ஆகியவற்றை இருபது வயதில் கற்றுத் தரும் வேறு இடம் கட்சியில் இல்லை. அதைக் கற்றவர்கள் மேலே வந்தார்கள்.

எண்பதுகளில் அமைப்பு வற்றியது. அணு ஏவுகணைகளை எதிர்த்து 1981 அக்டோபரில் பான் நகரில் மூன்று லட்சம் பேர் திரண்டபோது, ஏவுகணைகளை நிறுத்தும் முடிவுக்குப் பின்னால் நின்றவர் அவர்களுடைய சொந்தப் பிரதமர் ஷ்மிட். 1983-இல் கட்சி மனம் மாறியது; கொலோன் மாநாட்டில் சுமார் 400 பிரதிநிதிகளில் ஷ்மிட்டோடு நின்றவர்கள் பதினான்கு பேர். அதற்குள் ஒரு தலைமுறை பசுமைக் கட்சிக்குப் போய்விட்டது. 2003-இல் ஷ்ரோடரின் ‘அஜெண்டா 2010’ வேலையிழப்பு உதவியை வெட்டியபோதும் யூசோஸ் எதிர்த்தது. சிறப்பு மாநாட்டில் சுமார் 90 சதவீதம் பிரதமருக்கு ஆதரவாக விழுந்தது.

விளையாட்டின் விதி மாறியது 2013-இல். கூட்டணி ஒப்பந்தத்தை எல்லா உறுப்பினர்களும் ஓட்டுப் போட்டு முடிவு செய்யலாம் என்று கட்சி முதன்முறையாக ஒப்புக்கொண்டது. பிரதிநிதிப் படிகளில் ஏறாமலே யூசோஸ் நேராக உறுப்பினர்களிடம் போக ஒரு கதவு திறந்தது. அதை உடைத்துக்கொண்டு நுழைந்தவர் 2017 நவம்பரில் தலைவரான 28 வயது கெவின் கூனெர்ட். கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிப் பிரதமர் மெர்க்கலோடு மறுபடி கூட்டணி வேண்டாம் என்பது அவர் கோரிக்கை. 2018 ஜனவரி 21 அன்று பான் சிறப்பு மாநாட்டில் அவருக்கு எதிராகப் பேசியவர் ஆண்ட்ரியா நாலெஸ், 1995 முதல் 1999 வரை யூசோஸின் தலைவராக இருந்தவர். மெர்க்கல் கட்சியின் பவேரியக் கூட்டாளியான சி.எஸ்.யு. கட்சிக்காரர் ஒருவர் யூசோஸின் எதிர்ப்பைக் ‘குள்ளர்களின் கலகம்’ என்று கிண்டல் செய்திருந்தார். இன்றைக்கு ஒருநாள் குள்ளர்களாக இருப்போம், நாளை மறுபடி ராட்சதர்களாக எழுவோம் என்று கூனெர்ட் அதையே மேடையில் எடுத்துக்கொண்டார். பேச்சில் அனல் பறந்தது நாலெஸிடம்தான். பேச்சுவார்த்தைக்கு ஆதரவு 362, எதிர்ப்பு 279, நடுநிலை 1.

அடுத்து உறுப்பினர் ஓட்டு. இரண்டு மாதச் சந்தா பத்து யூரோ கட்டிச் சேர்ந்து ‘வேண்டாம்’ என்று ஓட்டுப் போடுங்கள் என்று யூசோஸ் பிரசாரம் செய்தது. பிப்ரவரி 6 மாலைக் கெடுவுக்குள் 24,339 பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். தொலைக்காட்சிகள் இதைப் படையெடுப்புப் போலக் காட்டின. கணக்குப் போட்டால் வேறு படம் தெரியும். ஓட்டுரிமை பெற்றவர்கள் 4,63,723 பேர். புதியவர்கள் அதில் ஐந்து சதவீதம் சொச்சம். முடிவில் ஆதரவு 2,39,604, எதிர்ப்பு 1,23,329. வித்தியாசம் 1,16,275. சேர்ந்தவர்கள் அத்தனை பேரும் எதிர்த்து ஓட்டுப் போட்டிருந்தாலும் கால்வாசிப் பள்ளம்கூட நிரம்பியிருக்காது. உறுப்பினர்களில் பாதிக்கும் மேல் 60 வயதைத் தாண்டியவர்கள். ஊர்க் கிளைகளில் அவர்களோடு உட்கார்ந்து பேசாமல் வாசலில் ஆள் சேர்ப்பதால் மட்டும் இந்த ஓட்டை ஜெயிக்க வழியில்லை.

2019-இல் அதே யூசோஸ் ஜெயித்தது. தலைமைக்கான உறுப்பினர் ஓட்டில் அவர்கள் ஆதரித்த சாஸ்கியா எஸ்கன், நோர்பெர்ட் வால்டர்-போர்யான்ஸ் இணை, நிதியமைச்சர் ஷோல்ஸின் இணையை 53 சதவீதத்துக்கு 45 என்று வென்றது. 2018-இல் ஓட்டுப் போட்டவர்கள் 78 சதவீதம், இந்த முறை 54 சதவீதம். ஆர்வமில்லாதவர்கள் வீட்டில் இருந்துவிட்டால், பேசிவைத்துக்கொண்டு வருகிறவர்களின் எடை கூடும். எழுபதுகளின் கிளைக் கூட்டக் கணக்கு இப்போது நாடு தழுவிய அளவில் வேலை செய்தது. 2021 தேர்தலில் கட்சி பெற்ற 206 இடங்களில் 49 பேர் யூசோஸ் வயதினர்.

2025-இல் அந்தக் கணக்கும் கைகொடுக்கவில்லை. பிப்ரவரித் தேர்தலில் கட்சி 16.4 சதவீதத்துக்கு விழுந்தது, தீவிர வலதுசாரி ஏ.எஃப்.டி. 20.8 சதவீதம் எடுத்தது. கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியோடு கூட்டணி வேண்டாம் என்று யூசோஸ் சொன்னது. ஓட்டுப் போட்டவர்கள் 56 சதவீதம்தான், ஆனாலும் ஆதரவு 84.6 சதவீதம். கூட்டணி உடைந்தால் அடுத்து யார் வருவார்கள் என்ற பயம், ஒப்பந்தத்தின் ஷரத்துகளைவிடப் பலமாக வேலை செய்தது. கட்சியின் இடங்கள் 206-லிருந்து 120 ஆயின. பட்டியலின் கீழ் வரிசையில் இடம் கிடைக்கிற இளையவர்கள்தான் இப்படிப்பட்ட சரிவில் முதலில் விழுவார்கள். அடுத்த முறை அவர்களை மேலே எழுதுவதா வேண்டாமா என்பது மாநிலப் பட்டியல் கூட்டத்தில் முடிவாகும். அந்தக் கூட்டத்திலும் யூசோஸுக்கு என்று ஓட்டு இல்லை.